பீப்பாக்களின் நடுவே ஒரு பாடம்

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கருக்குப் போதித்துவரும் ஆசிரியர் ஒருவர், மது வடிக்கும் ஊரொன்றுக்கு யாத்திரை போனார் என்றால் வாசக நேயர்கள் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் முதலில் நகைத்து முடிக்கட்டும். அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர், நாமேதான்.

எமது தங்கையார் பரிஸ் மாநகரிலே குடும்பத்துடன் வாழ்கின்றார். அவருடைய மூத்த மகளின் சாமத்தியச் சடங்கை முன்னிட்டு, 2019 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் நாம் அங்கே போயிருந்தோம். சடங்கு முடிந்த மறுநாள், எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதுவது முறையன்று. ‘தம்பி’ என்றே குறிப்பிடுவோம். அவர் பர்கண்டி மாகாணத்திலே போன் என்னும் நகரில் வசிப்பதாகவும், ஒரு நாளாவது தம்முடைய ஊருக்கு எம்மை அழைத்துப் போக வேண்டும் என்றும் கூறினார். போன் என்ற பெயரைக் கேட்டதும் எமது தங்கையின் இளைய மகன், தன் கையிலிருந்த தொலைபேசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

“அங்கே என்ன தொழில் தம்பி?” என்று வினவினோம். அவர் சற்றுத் தயங்கினார். “வைன் வியாபாரி ஒருவரின்ரை நிலவறையிலை வேலை, சேர். முதல் பீப்பாக் கழுவினன். இப்ப வாற ஆக்களுக்குச் சுவை காட்டி விளங்கப்படுத்திறன்” என்றார். எம் முகத்தில் என்ன தோன்றிற்றோ அறியோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை எங்கோ முன்னரும் பார்த்ததாக ஒரு நினைவு எமக்குள் எழுந்தது. மறுக்க மனம் வரவில்லை, புறப்பட்டோம்.

பரிஸ் நகரின் லியோன் நிலையத்தில் விரைவுப் புகையிரதம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேலான பயணத்தில் திஜோன் நகரை அடையலாம். அங்கே வண்டி மாறித் தெற்கு நோக்கி இருபது நிமிடம் சென்றால் போன் வந்துவிடுகிறது. இந்த இருபது நிமிடமும் எமது கண்கள் வலப்புறத்து யன்னலை விட்டு அகலவில்லை. கிழக்கு முகமாய்ச் சரிந்த தாழ்ந்த குன்றுத் தொடர். அதன் சரிவு முழுவதும் வரிசை வரிசையாக முந்திரிகைச் செடிகள். நம் வலிகாமத்துச் செம்மண்ணில் முந்திரிகையைத் தலைக்கு மேலே பந்தலிட்டு வளர்க்கிறோம். இங்கேயோ, இடுப்பளவே உயர்ந்த குற்றுச் செடிகளாகக் கம்பிகளில் கட்டி வைத்திருக்கின்றனர். மேலே எத்தனை வேற்றுமை இருப்பினும் கீழே ஓர் ஒற்றுமை உண்டு: அங்கும் இங்கும் அடிநிலம் சுண்ணக்கல்லே.

திஜோனிலிருந்து தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் நீளும் இந்த ஒடுங்கிய சரிவுதான் உலகப் புகழ் வாய்ந்த பர்கண்டித் தோட்டங்களின் இருப்பிடம். சிவப்பு வைனுக்குப் பினோ நுவார் என்னும் கரிய பழம், வெள்ளை வைனுக்குச் சார்டனே என்னும் வெளிறிய பழம். பெரும்பாலும் இவ்விரண்டே இங்கு பயிரிடப்படுகின்றன. ஆயின் இந்தச் சரிவை அவர்கள் 1,247 துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டு, எல்லை வகுத்து வைத்திருக்கின்றனர். அத்துண்டங்களைக் ‘கிளிமா’ என்பர். 2015 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. இவற்றுட் பெருமதிப்புடைய ரொமனே கொந்தி என்னும் தோட்டத்தின் முழுப் பரப்பு 1.8 ஹெக்டேயர் மாத்திரமே. நம் யாழ்ப்பாணக் கணக்கில் எழுபது பரப்புக்குச் சற்று அதிகம்.

போன் நகரில் இறங்கியதும், தம்பி எம்மை முதலில் வைன் அரும்பொருட்சாலைக்கு அழைத்துச் சென்றார். பர்கண்டியை ஒரு காலத்தில் ஆண்ட கோமக்களின் பழைய மாளிகையே இன்று அருங்காட்சியகமாகியிருக்கிறது. 1938 ஆம் ஆண்டிலே தோன்றிய இச்சாலை, 1940களில் இம்மாளிகைக்கு வந்து சேர்ந்தது. முற்றத்தை அடுத்த கொட்டகையில் நுழைந்தபோது, எமது கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. முழு மரங்களைக் குடைந்து பொருத்தியது போன்ற பழச் செக்குகள் அங்கே நின்றன. ஒருவர் கைக்கு அடங்காத உத்திரங்கள். மனிதர் பலர் சேர்ந்து சுழற்றிய திருகுகள். நம்மூர்ச் செக்கு எள்ளை அரைத்து எண்ணெய் எடுப்பது. இதுவோ பழக்கூழை மேலிருந்து அழுத்திச் சாறு பிழிவது.

உள்ளே கொடி கத்தரிக்கும் வளைந்த கத்திகள், பழம் சுமந்த கூடைகள், பீப்பாக் கட்டுவோரின் உளிகள், இழைப்புளிகள் என்பனவெல்லாம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வெள்ளியாற் செய்த தட்டையான சிறு கிண்ணமொன்றைத் தம்பி எமக்குக் காட்டினார். அதன் அடிப்புறம் முழுவதும் குழிகளும் வரைகளுமாக இருந்தன. நிலவறை இருளில் ஒரேயொரு மெழுகுதிரியின் வெளிச்சம் அக்குழிகளிற் பட்டுத் தெறிக்கும்போது, வைனின் நிறமும் தெளிவும் கண்ணுக்குப் புலனாகும். அழகுக்காக இட்ட வேலைப்பாடு என்று நாம் எண்ணியது, உண்மையில் ஒரு கருவியின் உறுப்பாக இருந்தது.

மெழுகுதிரிக்கு இன்னொரு பயனும் உண்டு. பழச்சாறு நொதிக்கும்போது, அதிலுள்ள சர்க்கரையை மதுவம் என்னும் நுண்ணுயிர் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. இவ்வாயு காற்றிலும் கனமானது. நிலவறைத் தளத்தில் தேங்கி நின்று ஆளைக் கொல்லவல்லது. ஆதலால் முற்காலத்தார் கையில் எரியும் திரியுடனேயே கீழே இறங்குவர். திரி அணைந்தால் உடனே மேலேறிவிடுவர். பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் நம்மவர் வழக்கமும் இதுவேயன்றோ? நொதித்தலின் மருமத்தை விளக்கிய பேரறிஞர் லூயி பாஸ்டர், இதற்கு அயலிலுள்ள யூரா மலைப்பகுதியிற் பிறந்து வளர்ந்தவர். வைன் ஏன் கெட்டுப்போகிறது என்று அவர் ஆராய்ந்து 1866 இல் நூல் எழுதினார். அந்த ஆராய்ச்சியின் வழியே பிறந்த மென்சூட்டு முறைதான் இன்று நம் குழந்தைகள் அருந்தும் பாலைக் காப்பாற்றுகிறது. பொதுத் தராதரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இதனை நினைவில் இருத்துக.

இன்னுமொரு வரலாறும் இங்கே எம் கருத்தைக் கவர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகளுடன் பிலொக்செரா என்னும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் பூச்சியொன்று 1860களில் பிரான்சுக்குள் புகுந்தது. கொடியின் வேரை உறிஞ்சி அது தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போகச் செய்தது. 1868 இல் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் பிளான்சோன் இதனை அடையாளம் கண்டார். 1878 இல் இப்பூச்சி பர்கண்டிக்கும் வந்து சேர்ந்தது. மருந்துகள் பல அடித்தும் முற்றாக ஒழியவில்லை. முடிவில், பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைத்தே தோட்டங்களை மீட்டனர். நோய் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே மருந்தும் வந்தது. அதற்கு முன்னர் கொடிகளைப் பதியம் வைத்தே பெருக்கியமையால் தோட்டங்கள் ஒழுங்கின்றி அடர்ந்து கிடந்தனவாம். நாம் புகையிரதத்திலிருந்து கண்டு வியந்த நேர்வரிசையெல்லாம் அந்த அழிவுக்குப் பின்னர் வந்த ஒழுங்கே.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஓத்தெல் தியூ என்னும் பழைய வைத்தியசாலை. பல வண்ண ஓடுகளால் கோலமிட்டது போன்ற அதன் கூரையைப் படங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பர்கண்டிக் கோமகனின் மந்திரி நிக்கொலா ரொலான் என்பவரும் அவர் மனைவி கிகோன் அம்மையாரும், போரினாலும் பஞ்சத்தினாலும் நலிந்த ஏழைகளுக்காக இதனை 1443 இல் நிறுவினர். ஏழைகள் மண்டபம் எனப்படும் நீண்ட கூடத்தில், செந்திரையிட்ட கட்டில்கள் இருமருங்கும் வரிசையாக நிற்கின்றன. 1971 ஆம் ஆண்டு வரை நோயாளர் இங்கே பராமரிக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அறவோர் பலர் தத்தம் முந்திரிகைத் தோட்டங்களை இவ்வைத்தியசாலைக்கு எழுதிவைத்தமையால், இன்று இதற்கு ஏறக்குறைய 60 ஹெக்டேயர் தோட்டம் உண்டு. அதன் வைன் 1859 ஆம் ஆண்டு முதல் நவம்பர் மாதத்தில் பகிரங்க ஏலத்தில் விற்கப்படுகிறது. வரும் பணத்திலே புதிய வைத்தியசாலைக்கு வேண்டிய கருவிகள் வாங்கப்படுகின்றன.

இதைக் கேட்டபோது எமது உள்ளம் ஒரு நிலையில் நிற்கவில்லை. குடும்பங்களைக் குலைக்கும் பொருள் ஒன்று, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நோயாளரைத் தாங்கி நிற்கிறது. இதை அறமென்பதா, அன்றி வேறென்பதா? நம் பழைய இலக்கியத்திலும் இந்த இழுபறி இல்லாமலில்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்திலே அருந்தி மகிழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் உண்டு. வள்ளுவரோ மதுவை விலக்கத் தனி அதிகாரமே வகுத்தார். இரண்டையும் நாம் வகுப்பிலே படிப்பிக்கிறோம். ஒரே நாளில் படிப்பிப்பதில்லை, அவ்வளவே.

பிற்பகல் தம்பி தமது தொழிலிடத்துக்கு எம்மை அழைத்துச் சென்றார். வளைந்த கற்படிகளில் இறங்கினால் கோடைவெயில் மறந்துபோகிறது. உள்ளே மார்கழிக் குளிர். ஈரக் கல்லும் ஓக் மரமும் புளித்த பழமும் கலந்த மணம். 228 லீற்றர் கொள்ளும் பீப்பாக்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒரு பீப்பாவிலிருந்து ஏறக்குறைய 300 போத்தல் நிரப்பலாமாம். தம்பி இரண்டு கிண்ணங்களை எடுத்து, இரண்டு போத்தல்களிலிருந்து சிறிது சிறிதாக ஊற்றினார். அருகே ஒரு பாத்திரத்தையும் வைத்தார்.

“இது துப்பிறதுக்கு, சேர். இந்தத் தொழிலிலை இருக்கிற ஆக்கள் குடிக்கிறேல்லை. வாயிலை வைச்சுப் பார்த்திட்டுத் துப்பிவிடுவினம். நீங்கள் அதுவும் செய்ய வேண்டாம், மணத்தை மட்டும் பாருங்கோ.”

கிண்ணத்தை மூக்கருகே பிடித்தோம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் முறை நன்கு கனிந்த நாவற்பழத்தின் வாசம் வந்தது. அதன் பின்னால், முதல் மழை விழுந்த மண்ணின் வாசம். மற்றக் கிண்ணத்தில் அந்த மண் இல்லை. ஏதோ பூவின் வாசம் மேலோங்கி நின்றது. “இரண்டும் ஒரே பழம், ஒரே வருசம், ஒரே ஆள் செய்தது. நடுவிலை ஒரு வண்டிப் பாதைதான் சேர். மேல் துண்டு ஒண்டு, கீழ்த் துண்டு ஒண்டு” என்றார் தம்பி. மேற்றுண்டத்தில் மண் மெல்லிது, கல் அதிகம். கீழ்த்துண்டத்தில் களி மிகுதி. ஒரு பாதை அகலத்துக்குள் மண் இப்படி வேறுபடும் என்பதையும், அதனை நாவினாலும் மூக்கினாலும் அறியலாம் என்பதையும் முதலில் கண்டு எல்லைக் கல் நாட்டியவர்கள், 1098 இல் சீத்தோ மடத்தைத் தொடங்கிய துறவிகளும் அவர்களை ஒத்த மடத்தினருமே.

நேயர்களிடம் ஒளிப்பானேன்? நாம் அந்தக் கிண்ணத்தை வாயிலும் வைத்தோம். புளிப்பு, அதைத் தொடர்ந்து பச்சைப் பாக்கை மென்றாற்போல நாவை இழுக்கும் துவர்ப்பு, கடைசியில் மெல்லிய கசப்பு. உடனே துப்பிவிட்டோம். நாற்பது ஆண்டு காத்துவந்த விரதம் முறிந்ததா இல்லையா என்று தருக்க நூலாரே தீர்ப்புக் கூறட்டும். இதுவோ உலகம் புகழும் சுவை என்று கேட்டோம். தம்பி சிரித்தார். பிறகு அவரும் ஒரு கிண்ணத்தைச் சுவைத்துத் துப்பிவிட்டு, வாயை நீரினாற் கொப்புளித்தார்.

“எட்டு வருசமா இதிலை நிக்கிறன், சேர். ஒரு நாளும் ஒரு மிடறு விழுங்கினதில்லை. அப்பாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

நினைவு இருந்தது. நல்ல தச்சுத் தொழிலாளி, குடிக்கு அடிமையானவர். 2012 இல் ஈரல் கெட்டு இறந்துபோனார் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் தம்பி அடுத்துச் சொன்னது எமக்குத் தெரியாதது.

“ஒருநாள் நான் பிந்தி வந்தனான். நீங்கள் என்னை வெளியிலை நிக்க விட்டனீங்கள். அண்டைக்கு இரவு முழுக்க அப்பாவைத் தேடி, றோட்டுக் கரையிலை கிடந்தவரைச் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தனான். பிறகு உள்ளுக்கை கூப்பிட்டீங்கள். அண்டைக்குக் கள்ளுண்ணாமை பாடம். குடிகாரன் எப்பிடி நடப்பான் எண்டு நீங்கள் தள்ளாடி நடந்து காட்டினீங்கள். வகுப்பு முழுக்கச் சிரிச்சது. சிரிச்சுப்போட்டு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தவை.”

அவர் இதனைக் கோபத்தோடு சொல்லவில்லை. போத்தலின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். எமக்கு வாயடைத்துப் போயிற்று. அது 2004 ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். ஆசிரியத் தொழிலில் அப்போது எமக்கு மூன்றாவது ஆண்டு. மாணாக்கரைச் சிரிக்கவைப்பதே நல்ல ஆசிரியருக்கு இலக்கணம் என்று எண்ணியிருந்த காலம். வகுப்பு சிரித்தது எமக்கு நினைவிருந்தது. ஒரு தலை குனிந்திருந்ததும் கண்ணிற் பட்டிருக்கிறது. அதன் காரணத்தைத்தான் நாம் கேட்கவில்லை.

“மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி” என்றோம். மாணாக்கர் ஒருவரிடம் நாம் அச்சொல்லைச் சொன்னது அதுவே முதன்முறை. “ஐயோ சேர், அதுக்குச் சொல்லேல்லை” என்று அவர் பதறி எம் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னர் மெதுவாக, “இஞ்சை வேலைக்குச் சேரேக்கை நானும் பயந்தனான். ஆனால், எது அப்பாவைக் கொண்டுபோனதோ அதைக் கிட்ட நிண்டு பார்க்க வேணும்போலை இருந்தது. பார்த்தாப் பிறகு பயம் போட்டுது” என்றார்.

மாலை வண்டியில் பரிஸுக்குத் திரும்பும்போது, அந்நாட்டவர் கதையையும் எண்ணிப் பார்த்தோம். 1956 ஆம் ஆண்டு வரை பிரான்சிலே 14 வயதுக்குட்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மதிய உணவோடு வைன் கொடுக்க இடமிருந்தது. அவ்வாண்டில்தான் அரசு அதனைத் தடுத்தது. 1991 இல் மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1960களில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் வைன் அருந்திய நாட்டில், இன்று அதில் பாதியும் இல்லை. வைனைத் தமது நாகரிகத்தின் முடிமணியாகக் கொண்டாடும் மக்களே அதன் தீங்கை அறிந்து குறைத்து வருகின்றனர். உடலுக்குக் கேடில்லாத மது அளவு என்று ஒன்றுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளிப்படையாகக் கூறிவிட்டது. ஈராயிரம் ஆண்டு முன்னர் நம் ஆசான் சொன்னதை விஞ்ஞானம் தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது என்று நாம் பெருமைப்படலாம். பெருமைப்படுவது எளிது, நம் ஊர்களில் மாலை ஆறு மணிக்குப் பின் மதுக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கண்ட பின்னர் அந்தப் பெருமை நிலைப்பதில்லை.

ஊர் திரும்பிய பின்னும் ஒவ்வோராண்டும் அதே அதிகாரத்தைப் படிப்பித்து வருகிறோம். ஆயின் இப்போது தள்ளாடி நடந்து காட்டுவதில்லை. குடிப்பவரின் கோலத்தைச் சொல்லுமுன், அவர் வீடு திரும்பும் வரை விளக்கை அணையாமல் காத்திருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் சொல்கிறோம். பாடம் நடக்கும்போது கரும்பலகையைப் பார்ப்பதிலும் பின்வாங்குகளைப் பார்ப்பது அதிகம். தலை குனிந்த பிள்ளை யாரேனும் உண்டா என்று பார்க்கிறோம். ஒவ்வோராண்டும் ஒருவரோ இருவரோ இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களை வகுப்பில் ஒன்றும் கேட்பதில்லை. இடைவேளையில், வாசிகசாலைக்குப் புத்தகம் எடுத்து வரச் சொல்லிக் கூட நடந்துபோகிறோம். சிலர் பேசுகின்றனர், சிலர் பேசாமலே கூட நடக்கின்றனர்.

தம்பி சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் அழைத்தார். தமக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும், போனிலே வீட்டு முற்றத்தில் பொங்கியதாகவும் சொன்னார். நிலவறை வேலை எப்படி என்று கேட்டோம். “இப்பவும் துப்பிறன்தான், சேர்” என்றார்.